மூன்று பேருக்கு ஒரு மைக்ரோஸ்கோப்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோஸ்கோப். பீரோவிலிருந்து அதை எடுக்கும் நாளில் 36 பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்குப் பத்து வினாடிதான். "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டால், "வெள்ளையா இருந்துச்சு டீச்சர்" என்பார்கள். பாதிப் பேர் பார்த்தது தங்கள் இமைமுடியைத்தான். எனக்கு அது பொறுக்கவில்லை. போன ஆண்டு கைக்காசு போட்டு 12 ஃபோல்டுஸ்கோப் வாங்கினேன்.

தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி இது. மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜிம் சைபுல்ஸ்கியோடு சேர்ந்து உருவாக்கியது. 2014இல் இதன் ஆய்வுக் கட்டுரை வெளியானது. உள்ளே இருப்பது கடுகு போன்ற ஒரு கண்ணாடி மணி. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. 350 ஆண்டுகளுக்கு முன் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக் ஏரித் தண்ணீரில் நுண்ணுயிர்களைப் பார்த்ததும் இப்படி ஒற்றை லென்ஸ் வழியாகத்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் அந்த மணியைப் பார்த்த பார்வையே மாறியது.

மடித்துப் பூட்ட ஒரு முழுப் பீரியடு ஆகும். அந்த நேரம் வீண் இல்லை. எது எதற்காக நகர்கிறது என்று அவர்கள் விரல்களுக்கே தெரிந்துவிடுகிறது.

முதலில் செம்பருத்தி மகரந்தம். "ஊமத்தங்காய் மாதிரி முள்ளு முள்ளா இருக்கு டீச்சர்!" என்று ஒருத்தி கத்தினாள். அதே சிலைடில் அவள் தலைமுடி ஒன்றையும் வைக்கச் சொன்னேன். மகரந்தம் முடியை விடத் தடிமன்! முடி 0.07 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மகரந்தம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். தசமம் என்றாலே முகம் சுளிக்கிற பையன், "ரெண்டு முடி அகலம் இருக்கு, அப்போ 0.14" என்றான். நான் நினைத்து வாங்கியது அறிவியலுக்கு; கணக்குக்கும் உதவியது.

குளத்துத் தண்ணீரில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி நிற்காமல் ஓடும். சொட்டில் நாலைந்து பஞ்சு இழை போட்டால் அதில் முட்டி மோதி மெதுவாகும். அப்போது நிதானமாகப் பார்க்கலாம். போனை லென்ஸோடு காந்தத்தால் ஒட்டிவிட்டால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது.

எட்டாம் வகுப்பு நுண்ணுயிரிகள் பாடம் முழுவதையும் இதை வைத்தே நடத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். சுமார் 2 மைக்ரான் (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைதான் பிரித்துக் காட்டும். தயிரில் உள்ள பாக்டீரியா அதைவிட ஒல்லி. அதற்குப் பெரிய மைக்ரோஸ்கோப்தான் வேண்டும். வெங்காயச் சவ்வு, பாசி, பட்டாம்பூச்சிச் செதில், கொசுப்புழு இவற்றுக்கெல்லாம் இது தாராளம்.

ஒன்றை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: ஜன்னல் வெளிச்சமோ டியூப்லைட்டோ போதும், சூரியனுக்கு நேரே பிடிக்கவே கூடாது. செலோடேப்பும் நிறைய வாங்கி வையுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் மூன்று பேர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். திங்களன்று அரிசி வண்டின் கால், மீன் செதில், பாட்டியின் நரைமுடி என்று டேப்பில் ஒட்டி என் மேஜைக்கு வந்துவிடுகின்றன.