சோண்ட்ஹைமின் இரண்டு தொகுதிகள்: தன் பாட்டுக்குத் தானே பிழைதிருத்துபவர்

அமெரிக்கப் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீவன் சோண்ட்ஹைம் தன் இசை நாடகப் பாடல்களைத் தானே தொகுத்து, தானே குறிப்பும் எழுதிய நூல் இரண்டு தடித்த தொகுதிகளாகக் கிடைக்கிறது. 'ஃபினிஷிங் த ஹேட்' 2010இல் வந்தது; 'லுக், ஐ மேட் எ ஹேட்' அடுத்த ஆண்டு. ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் முதலாவதை வாங்குங்கள். ஒரு வேடிக்கை: முதல் தொகுதிக்குப் பெயர் தந்த பாட்டைத் தேடி அதில் பக்கம் புரட்டாதீர்கள். அது 1984இல் நியூயார்க்கின் நாடக மையமான பிராட்வேக்கு வந்த, ஓர் ஓவியரைப் பற்றிய நாடகத்தின் பாட்டு. முதல் தொகுதியோ 1981உடன் முடிந்துவிடுகிறது.

அச்சுக்குப் போகும் தாளில் பிழைதிருத்துவது என் பிழைப்பு. அடித்தல் திருத்தல்களைப் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். இந்த நூலை நான் விரும்பியதற்கு அதுவே முதல் காரணம். அவர் கையெழுத்துத் தாள்களின் படங்களில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் அதற்கு மாற்றாக நினைத்த சொற்கள் வரிசையாக நிற்கின்றன. கைவிட்ட பாடல்களையும் முழுமையாக அச்சிட்டு, ஏன் கைவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறார்.

வாழ்க்கை வரலாறு என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். பெற்றோரின் பிரிவு, தாயோடு கடைசிவரை தீராத கசப்பு ஆகியவை வேண்டுமென்றால் மெரில் சீக்ரெஸ்ட் 1998இல் எழுதிய வரலாற்றைப் படியுங்கள். இங்கே இருப்பது தொழில். ஆனால் அந்த மனிதருக்குத் தொழிலைத் தாண்டி அதிகம் மிச்சம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1930இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்தபின் தாயோடு பென்சில்வேனியாவுக்குப் போக, பக்கத்தில் வாழ்ந்தவர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன். 'ஓக்லஹோமா!' என்ற புகழ்பெற்ற இசை நாடகத்தை எழுதியவர் அண்டை வீட்டில் வாய்ப்பதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் பள்ளிக்காக எழுதிய இசை நாடகத்தை அவரிடம் கொடுத்து, முன்பின் தெரியாதவன் எழுதியதாக நினைத்துப் படியுங்கள் என்று கேட்டான் சிறுவன். இதுவரை படித்ததிலேயே மோசமானது இதுதான் என்று பதில் வந்தது. திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை என்றும் சேர்த்துச் சொல்லி, முதல் காட்சிக் குறிப்பிலிருந்து வரிவரியாகப் பிரித்துக் காட்டினார் ஹாமர்ஸ்டீன். அந்த ஒரு பிற்பகல்தான் தன் பள்ளிக்கூடம் என்று சோண்ட்ஹைம் கடைசிவரை சொல்லிவந்தார்.

அதே ஹாமர்ஸ்டீனின் பலவீனங்களையும் இந்த நூலில் ஈவிரக்கமில்லாமல் எடுத்து வைக்கிறார். லோரன்ஸ் ஹார்ட், நோயல் கவர்ட், கில்பர்ட் என்று பழைய பாடலாசிரியர்கள் எல்லோருக்கும் அடி விழுகிறது. இறந்தவர்களை மட்டுமே விமர்சிப்பது என்று விதி வைத்துக்கொண்டிருக்கிறார். உயிரோடிருப்பவர்களின் மனத்தை நோகடிக்க விருப்பமில்லையாம். எனக்கு இது சற்றுச் சலுகையான விதியாகவே படுகிறது; பதில் சொல்ல எழுந்து வர முடியாதவர்களோடு சண்டை போடுவது சுலபம்தானே.

ஆனால் விதிவிலக்காக உயிரோடிருந்த ஒருவரை வெளுத்து வாங்குகிறார், அது அவரேதான். 1957இல், இருபத்தேழு வயதில், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்குப் பாட்டு எழுதினார். இசை லெனர்ட் பெர்ன்ஸ்டீன். அதில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து அதிக நாளாகாத பெண் தன் அழகை வியந்து பாடும் பாட்டில், ஒரே வரிக்குள் இயைபுகள், அதாவது முடிவொலி ஒத்துப்போகும் சொற்கள், துள்ளி விளையாடும். எந்த மேடையிலும் கைதட்டல் வாங்கும் பாட்டு. இவ்வளவு படித்தவள் போல அந்தப் பெண் எப்படிப் பேசுவாள் என்று தலையில் அடித்துக்கொள்கிறார் எழுதியவர். எளிமையாக மாற்றி எழுதியும் பார்த்தார். கூட இருந்தவர்கள் ஏற்கவில்லை. சொல் அழகாக இருப்பது போதாது, அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வருமா என்பதே கேள்வி என்ற இந்த ஒரு பிடிவாதம் நூல் முழுக்க ஓடுகிறது.

இயைபு பற்றிய பகுதியை எதுகை தப்பினால் தூக்கம் கெடும் ஆட்கள் அவசியம் படிக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்தும் ஒலியை அவர் ஏற்பதே இல்லை. முழுதாகப் பொருந்த வேண்டும். அதிலும் ஓசை ஒன்றாக, எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தால் காது இன்னும் விழிப்பாகும் என்கிறார். தமிழில் வந்தான், நின்றான், சென்றான் என்று வினைமுற்றே இயைபைக் கொடுத்துவிடும். அதனால்தானோ நம் புலவர்கள் அடியின் தொடக்கத்தில் போய் எதுகைக்குப் போராடினார்கள். ஆங்கிலத்தில் அந்த இலவசம் கிடையாது.

எனக்கு மிகப் பிடித்தவை கைவிட்ட பாடல்களின் கதைகள். 1962இல் பிராட்வேக்கு வந்த நகைச்சுவை நாடகம் ஒன்று, அதற்கு முன் வாஷிங்டனில் நடந்த முன்னோட்டத்தில் படுத்துவிட்டது. வசனம் நன்றாகத்தான் இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. நாடக இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: இன்று இரவு என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று தொடக்கப் பாட்டிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை இருந்தது காதலைப் பற்றிய மென்மையான பாட்டு. அதை எடுத்துவிட்டு, இன்று நகைச்சுவை என்று முழங்கும் பாட்டைப் போட்டதும் அதே வசனத்துக்கு அரங்கம் சிரித்தது. நாடகம் 964 முறை நடந்தது. நூலில் இரண்டு பாடல்களும் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1970இன் 'கம்பெனி'யில் முடிவுப் பாட்டுக்காகத் தவித்த கதையும் அப்படித்தான். கடைசிக்கு முன் எழுதியது அளவுக்கு மீறிக் கசந்தது என்று இயக்குநர் ஹரால்ட் பிரின்ஸ் கருதியதால், உயிரோடிருப்பதைப் பற்றிய புதிய பாட்டு பிறந்தது.

1973இல் 'எ லிட்டில் நைட் மியூசிக்'குக்கு எழுதிய 'செண்ட் இன் த கிளவுன்ஸ்' பாட்டு உலகம் முழுக்கப் போனது. அதைப் பாட வேண்டியிருந்த நடிகை கிளினிஸ் ஜான்ஸுக்கு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும் மூச்சு இல்லை. எனவே சின்னச் சின்னக் கேள்விகளாகவே வரிகளை அமைத்தார். தொழில் தெரிந்தவன் குறையை இப்படித்தான் கையாள்வான்.

குறைகளும் உண்டு. புத்தகம் பெரிய அளவு, நல்ல கனம். படுத்துக்கொண்டு படிக்க ஆசைப்படாதீர்கள். பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்துப் பாடல்களை நெருக்கி அடுக்கியிருப்பதால் யார் பாடுகிறார் என்பது சில இடங்களில் கண்ணுக்குத் தப்புகிறது. இசை தெரியாமல் வரியை மட்டும் படித்தால் பாதி பாடல்கள் வெறுமையாக நிற்கும். கவிதை சுருங்கச் சொல்வது, பாட்டு இசைக்கு இடம் விட்டு விரிவது என்று முன்னுரையில் அவரே எச்சரிக்கிறார். ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே படிப்பது நல்லது.

இரண்டாம் தொகுதியில் முதல் பாதி அருமை. 1985இல் புலிட்சர் பரிசு பெற்ற ஓவியர் நாடகம் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஒரே நாடகத்தைப் பெயர் மாற்றி மாற்றி எழுதிய வடிவங்கள் வரிசையாக வருகின்றன. திருத்தலில் ஊறிய எனக்கே அலுத்துவிட்டது.

முதல் தொகுதியின் கடைசி அத்தியாயம் 'மெரிலி வீ ரோல் அலாங்'. 1981இல் பதினாறே முறை நடந்து மூடப்பட்ட நாடகம். ஹரால்ட் பிரின்ஸோடு அவர் தொடர்ந்து வேலை செய்துவந்த காலமும் அதோடு முடிந்தது. 2023இல் அதை மீண்டும் பிராட்வேயில் போட்டார்கள், அடுத்த ஆண்டு சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி என்னும் பிராட்வே நாடக விருதும் கிடைத்தது. சோண்ட்ஹைம் 2021 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். கதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கிப் போகும் அந்த நாடகத்தைப் போலவே தொகுதியையும் கடைசி அத்தியாயத்திலிருந்து படித்துப் பாருங்கள், நன்றாக இருக்கும். 1954இன் 'சாட்டர்டே நைட்' வரைக்கும் வந்து சேராவிட்டால் குடிமுழுகிப் போகாது.