டி.எஸ்.சி. எடுத்துத் தருகிறோம் என்று 17,400 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். கம்பெனி தொடங்கப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

17,400 ரூபாய். எனக்கும் என் அக்காவுக்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், அதுதான் எல்லாரும் டி.எஸ்.சி. என்கிறார்களே, அதை எடுத்துத் தருகிறோம் என்று ஒரு இணையச் சேவை நிறுவனம் வாங்கிய பணம். இன்றைக்கு எங்கள் கையில் இருப்பது உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு யுஎஸ்பி டோக்கன், அதாவது அந்தச் சான்றிதழை ஏற்றி வைக்கும் பென் டிரைவ் மாதிரியான பொருள். இரண்டாவது டோக்கன் வரவே இல்லை.

பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும். ஆனால் எந்த மாதிரி ஆட்கள் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பதிவு, ஜி.எஸ்.டி., டிரேட்மார்க், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் ஒரே இடத்தில் என்று விளம்பரம் வரும். தொட்டால் பெயர், போன் நம்பர் கேட்டு ஒரு கட்டம். நிரப்பிவிட்டு காபித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் போன் வந்துவிடும். அந்த ரகம்.

எங்களுக்குக் கோவையில் மசாலாப் பொடி வியாபாரம். இத்தனை வருடமாக அக்கா பெயரிலேயே தனி உரிமையாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய கடையில் சரக்கு எடுக்க வேண்டுமானால் பிரைவேட் லிமிடெட்டாக வாருங்கள் என்றார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது 2 இயக்குநர், 2 பங்குதாரர் வேண்டும். சரி, அக்காவும் நானும். பதிவு முழுக்க மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்தின், அதாவது எம்.சி.ஏ.வின் தளத்தில்தான். ஸ்பைஸ் பிளஸ் என்ற படிவம், கூடவே கம்பெனியின் அமைப்பு ஆவணங்கள். பேனாவால் கையெழுத்துப் போடும் வேலையே கிடையாது. ஆளுக்கொரு டி.எஸ்.சி. இருந்தால்தான் கதவே திறக்கும்.

எங்களிடம் பேசியவர் நல்ல விவரமான ஆள். அங்கேதான் விழுந்தோம். "நானும் பொள்ளாச்சிப் பக்கம் தானுங்க மேடம்" என்று ஆரம்பித்தார். பேச்சும் எங்கள் பக்கத்துப் பேச்சுதான். 15 லட்சம் வரை மூலதனம் வைத்தால் கம்பெனிப் பதிவுக்கு எம்.சி.ஏ. கட்டணம் கிடையாது, முத்திரைத் தீர்வை மட்டும் தனி என்று அவராகவே சொன்னார். அக்கா உடனே இணையத்தில் தேடிப் பார்த்தாள். உண்மைதான். பெயர் ஒதுக்கீட்டுக்கு 1,000 ரூபாய் என்றார். அதுவும் உண்மை. ஏமாற்றுகிறவன் கட்டணம் இல்லை என்று தானாக வந்து சொல்வானா என்று நினைக்கத் தோன்றுமா இல்லையா? வீடியோ காலில் வந்தார். பின்னால் நாலைந்து பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் பொடி பாக்கெட்டைக் காட்டச் சொல்லி, "லேபிள் சூப்பருங்க, டிரேட்மார்க்கும் போட்டு வெச்சிருங்க" என்றார். சரிபார்க்கக்கூடிய நாலு உண்மையைச் சொல்லிவிட்டு, சரிபார்க்கத் தெரியாத ஐந்தாவதில் கை வைப்பது. அதுதான் அவர்கள் தொழில் என்று இப்போது புரிகிறது.

ஐந்தாவது இதுதான். டி.எஸ்.சி. இரண்டு வகை, கிளாஸ் 2 மலிவு, கிளாஸ் 3 விலை அதிகம், கம்பெனிக்குக் கிளாஸ் 3 தான் ஒத்துக்கொள்வார்கள் என்றார். கேட்டால் என்னவோ நமக்கு உயர்ந்த சரக்கைத் தருவது போல இருக்கும். கிளாஸ் 2 என்பதையே 2021 ஜனவரி 1 முதல் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை! இந்த வேலைக்கு இருப்பதே கிளாஸ் 3 தான். அடுத்து, கையெழுத்தும் என்கிரிப்ஷனும் (ஆவணத்தை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) சேர்ந்த காம்போ, 3 வருடம், ஆளுக்கு 5,500. என்கிரிப்ஷன் சான்றிதழ் அரசு டெண்டருக்கு விலைப்புள்ளி போடுகிறவர்களுக்குத் தேவைப்படும். மிளகாய்த்தூள் கம்பெனியைப் பதிவு செய்ய அது எதற்கு? டோக்கனுக்கு ஆளுக்கு 1,200. "எம்.சி.ஏ. இணைப்புக் கட்டணம்" ஆளுக்கு 1,500. எம்.சி.ஏ. தளத்தில் நம் டி.எஸ்.சி.யை இணைக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் அவசரக் கட்டணம் 1,000. கூட்டிப் பாருங்கள், 17,400. பெயர் ஒதுக்கீட்டுக்குக் கட்டிய ஆயிரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை, அதாவது அரசுக்குப் போனது.

பணம் போன அன்று மாலையே வேலை மளமளவென்று நடந்தது. பான், ஆதார், போட்டோ அனுப்பச் சொன்னார்கள். போனில் ஓடிபி வந்தது. ஒரு இணைப்பு அனுப்பி, கேமராவைப் பார்த்து பெயரைச் சொல்லி, பான் அட்டையைக் காட்டி, டி.எஸ்.சி.க்கு விண்ணப்பித்தது நான்தான் என்று சொல்லச் சொன்னார்கள். வீடியோ சரிபார்ப்பு நிஜமாகவே இருக்கிற நடைமுறைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி என்ற இடத்தில் எங்கள் பெயரில் அவர்களே புதிதாக ஒன்றைத் தொடங்கிப் போட்டிருக்கிறார்கள். "உங்களுக்கு மெயில் பார்க்க நேரம் இருக்காதுங்க, நாங்களே பார்த்துக்கறோம்" என்றார், பெரிய உபகாரம் போல. விதிப்படி அந்த மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் விண்ணப்பிக்கிறவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாதா? தினமும் இதே பிழைப்பு.

கம்பெனிப் பெயர் ஒதுக்கப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அக்கா பால் பாயசம் வைத்தாள். ஒதுக்கிய பெயர் 20 நாள்தான் நிற்கும், அதற்குள் மீதிப் படிவத்தைப் போட வேண்டும். அதையும் அவர்தான் சொன்னார். அப்புறம் ஆரம்பித்தது கதை.

டோக்கன் எங்கே என்றால், கூரியரில் வருகிறது. கூரியர் நம்பர் கேட்டால், அனுப்புகிறேன். அடுத்து, எப்படியும் படிவத்தில் நாங்கள்தானே கையெழுத்துப் போடப்போகிறோம், டோக்கன் எங்களிடமே இருப்பதுதான் உங்களுக்கு வசதி. வேண்டாம், எங்களுக்கு அனுப்புங்கள் என்றதும் குரல் மாறியது. "எம்.சி.ஏ. அப்ரூவல் இன்னும் வரலைங்க, அது வந்தாத்தான் டோக்கன்ல ஏறும்." அதற்கு அடுத்த பதில், சென்னை ஆர்.ஓ.சி. ஆபீஸில், அதாவது கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில் பெண்டிங்.

அக்கா மகன் கூடப் படிக்கும் பையனின் அம்மா ஒரு கம்பெனி செகரட்டரி, கம்பெனிச் சட்ட வேலைகளைப் பார்ப்பவர். பள்ளி வாசலில் அக்கா புலம்பியதைக் கேட்டு அவர்தான் தலையில் அடித்துக்கொண்டார். டி.எஸ்.சி.யை எம்.சி.ஏ. அப்ரூவ் செய்வதே இல்லையாம். அதைக் கொடுப்பது சான்றளிக்கும் உரிமம் பெற்ற நிறுவனங்கள். அவற்றுக்கு உரிமம் கொடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இருக்கும் கட்டுப்பாட்டாளர், சி.சி.ஏ. என்பார்கள். புதுக் கம்பெனி விண்ணப்பங்களைப் பார்ப்பதும் ஹரியானாவில் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம். சென்னையில் என்னத்தைப் பெண்டிங் வைப்பது?

இதைச் சொல்லிக் கேட்டதும் ஒரு கூரியர் வந்தது. ஒரே ஒரு டோக்கன். லேப்டாப்பில் செருகி, அதற்குரிய மென்பொருளைப் போட்டுத் திறந்தால் சான்றிதழ் இருக்க வேண்டிய இடம் சுத்தமாகக் காலி. போன் செய்தோம். டிரைவர் பிரச்சினை என்றார்கள். வேறு கம்ப்யூட்டரில் போடுங்கள் என்றார்கள். ஆன்ட்டி வைரஸை நிறுத்துங்கள் என்றார்கள். கம்பெனி செகரட்டரி தன் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்தார், காலிதான். பிறகு வேறொரு பெண் எடுத்து, உங்கள் கோப்பு டெக்னிக்கல் டீமுக்குப் போய்விட்டது என்றார். டெக்னிக்கல் டீமுக்கு நம்பர் கிடையாதாம், டிக்கெட் போட வேண்டுமாம். டிக்கெட் போட்டோம். "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்து டிக்கெட் மூடப்பட்டது. தீர்த்தது யார், எதை என்று கேட்க வழியே இல்லை. பொள்ளாச்சிக்காரர் கடைசியாக ஒருமுறை எடுத்தார். மேடம் போய் சிஸ்டர் ஆகியிருந்தது. இன்னும் 9,000 கட்டினால் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் சான்றொப்பத்தோடு முழுவதையும் முடித்துவிடலாம், அப்போது டி.எஸ்.சி.யும் சேர்ந்தே வந்துவிடும் என்றார். அதாவது 17,400 வாங்கிக்கொண்டு, வாங்கிய பொருளைக் கொடுக்க இன்னொரு 9,000. முடியாது என்றேன். "உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அதன்பின் எங்கள் எண்ணிலிருந்து கூப்பிட்டால் மணி அடிப்பதே இல்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால் உடனே "வணக்கங்க மேடம்!" அந்த வணக்கத்தைக் கேட்டபோது வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது.

பணம் போனதைவிடப் பெரிய அதிர்ச்சி பிறகுதான். விண்ணப்பித்த அன்று போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் சான்றளிக்கும் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த நிறுவனத்தையே கூப்பிட்டுக் கேட்டோம். இரண்டு சான்றிதழும் எப்போதோ வழங்கியாகிவிட்டதாம். டவுன்லோடும் ஆகிவிட்டதாம். காம்போ இல்லை, வெறும் கையெழுத்துச் சான்றிதழ். 3 வருடம் இல்லை, ஒரே வருடம். அப்படியானால் எங்கள் இருவர் கையெழுத்தும் வேறு டோக்கனில், அவர்கள் வைத்த கடவுச்சொல்லோடு, அவர்கள் மேசையில் இத்தனை நாளும் கிடந்திருக்கிறது!

இதன் அர்த்தம் புரிகிறதா? வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. டி.எஸ்.சி.யால் போட்ட கையெழுத்துக்குச் சட்டப்படி பேனாக் கையெழுத்துக்கு உள்ள அதே மதிப்பு. வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி., கம்பெனிப் படிவம் எல்லாவற்றிலும் செல்லும். பான், ஆதார் நகலும் அவர்களிடமே. எந்தக் கம்பெனியில் என்னை இயக்குநராக்கி வைப்பார்களோ என்று அக்கா தூங்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, கையெழுத்துக்கான ரகசியச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு சான்றிதழ் வாங்கியவருடையது என்கிறது. சாவியை எங்கள் கண்ணிலேயே காட்டவில்லை, பொறுப்பு மட்டும் எங்களுக்கு.

இரண்டையும் ரத்து செய்யச் சொல்லிச் சான்றளித்த நிறுவனத்திடம் கேட்டோம். பதிவான மின்னஞ்சல் அந்த ஏமாற்றுக்காரர்களுடையது என்பதால் அதற்கும் அலைச்சல். மறுபடி வீடியோவில் அடையாளம் காட்டிய பிறகுதான் ரத்தானது. கட்டிய பணத்தை, விற்ற ஆட்களிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும் என்றார்கள். அதற்குள் ஒதுக்கிய பெயரின் கெடுவும் தீர்ந்துவிட்டது. கட்டணம் கட்டி நீட்டித்திருக்கலாம், ஆனால் விண்ணப்பித்தது அவர்கள் கணக்கிலிருந்து. ஆக 17,400-க்குக் கிடைத்தது ரத்தான இரண்டு சான்றிதழும் ஒரு காலி டோக்கனும். பில் கேட்டதற்கு, வேலை முடிந்த பிறகுதான் பில்லாம். வேலை முடிந்துவிட்டது, எங்களுக்குத்தான் பில் வரவில்லை.

1930-க்குக் கூப்பிட்டு சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியாகிவிட்டது. இன்னொருவர் மின்னணுக் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 வருடம் வரை சிறை என்றும் கம்பெனி செகரட்டரி சொல்கிறார். பார்ப்போம்.

எப்படி நேராக வாங்குவது என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் சி.சி.ஏ. தளத்திலேயே இருக்கிறது, அதில் உள்ள ஒன்றின் சொந்தத் தளத்துக்கே போய் வாங்குங்கள். கம்பெனிப் பதிவுக்குத் தனிநபர் கிளாஸ் 3 கையெழுத்துச் சான்றிதழ் போதும், காம்போ என்றால் போனை வையுங்கள். மின்னஞ்சல், மொபைல் இரண்டும் உங்களுடையது. டவுன்லோடு உங்கள் கண் முன்னால், கடவுச்சொல் நீங்கள் வைப்பது. ஆடிட்டரே கேட்டாலும் டோக்கனை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். ஏற்கனவே யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே போய் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு ரத்து செய்துவிடுங்கள், மறுபடி வாங்கும் செலவைப் பார்க்காதீர்கள்.

இப்போதைக்கு இவ்வளவுதான். புகாருக்காகப் பணம் அனுப்பிய விவரம், பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தேதிவாரியாக அச்செடுத்துக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் அனுப்பியதில் பாதியை அவரே அழித்துவிட்டிருக்கிறார், மீதி அக்கா போனில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.