ஐசிடி-10-சிஎம் எச்70.0: மாஸ்டாய்டு எலும்புத் தொற்றுக்கான குறியீடுகள், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளிச் சார்ட்டுகளைச் சென்னையில் அமர்ந்து கோடிங் செய்வோருக்கு, அதாவது அந்தச் சிகிச்சைப் பதிவுகளில் உள்ள நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றுவோருக்கு, அடிக்கடி வராவிட்டாலும் வரும்போதெல்லாம் ஆடிட்டில் கேள்வி எழுப்பும் நோய்களுள் ஒன்று அக்யூட் மாஸ்டாய்டைடிஸ். நடுக்காதில் பிடித்த சீழ்த்தொற்று காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பின் காற்றறைகளுக்குப் பரவி, அவற்றுக்கு இடையிலான மெல்லிய எலும்புத் தடுப்புகளை அரிக்கத் தொடங்கும் நிலை இது. பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கே வருகிறது. நோய்களுக்கான குறியீட்டு முறையின் முந்தைய பதிப்பான ஐசிடி-9 காலத்தில் 383.00, 383.01, 383.02 என்ற மூன்று குறியீடுகளில் அடங்கியிருந்த இந்நோய், 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-10-சிஎம் முறையில் எச்70.0 (H70.0) என்ற தொகுதியின் கீழ் விரிந்தது. இரு முறைகளிலும் வேலை செய்தவன் என்ற வகையில், இத்தொகுதி எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

அமைப்பு எளிமையானது. சிக்கல் ஏதும் இல்லையென்றால் எச்70.00, எலும்பு உறைக்கு அடியில் சீழ்க்கட்டி இருந்தால் எச்70.01, வேறு சிக்கல்கள் இருந்தால் எச்70.09. ஆறாவது இலக்கம் பக்கத்தைச் சொல்லும்: 1 வலது, 2 இடது, 3 இருபுறமும், 9 குறிப்பிடப்படாதது. பழைய முறையில் இல்லாத இந்தப் பக்க விவரம் உண்மையிலேயே பயனுள்ள சேர்க்கை. 9இல் முடியும் குறியீட்டைக் கொடுக்க வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும். மருத்துவர் பக்கத்தை எழுத மறந்தாலும், சிகிச்சையில் பங்குகொண்ட பிற மருத்துவப் பணியாளரின் பதிவிலிருந்து அதை எடுத்துக்கொள்ள வழிகாட்டு நெறிகள் இடம் தருகின்றன. பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மருத்துவரிடம் விளக்கம் கேட்டுக் குவெரி அனுப்ப வேண்டும்.

பெருந்தொல்லை தருவது சிடி ஸ்கேன் அறிக்கைதான். சாதாரண நடுக்காதுத் தொற்றிலும் மாஸ்டாய்டு அறைகளில் நீர் கோத்துக்கொள்வதால், கதிரியல் மருத்துவர் அதைப் பார்த்து ‘மாஸ்டாய்டைடிஸ்’ என்றே எழுதிவிடுவதுண்டு. காதுக்குப் பின்னே வீக்கமும் சிவப்பும் தொட்டால் வலியும் இல்லை, காதுமடல் முன்தள்ளி நிற்கவில்லை, சிகிச்சை தரும் மருத்துவரும் நடுக்காதுத் தொற்று என்று மட்டுமே எழுதியிருக்கிறார் என்றால், அந்த ஒற்றைச் சொல்லை நம்பி எச்70.00 கொடுக்கக் கூடாது. உள்நோயாளிச் சார்ட்டில், அசாதாரணப் பரிசோதனை முடிவு ஒன்றின் முக்கியத்துவத்தைச் சிகிச்சை தரும் மருத்துவர் குறிப்பிடாதவரை அதைக் குறியீடாக்க நெறிகள் அனுமதிப்பதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் குறியீடு தேட உதவும் என்கோடர் மென்பொருள் எதுவும் இந்த இடத்தில் தடுத்து எச்சரிப்பதில்லை.

எச்70.01 இத்தொகுதியிலேயே நன்றாக வகுக்கப்பட்ட பகுதி என்பது என் கருத்து. சீழ்க்கட்டி இருக்கிறதா இல்லையா என்பது தெளிவான கேள்வி. சிகிச்சையின் போக்கும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே மாறுகிறது. ஆனால் அறுவை சிகிச்சைக் குறிப்பின் விவரிப்பில் ‘எலும்பு உறையைத் திறந்ததும் சீழ் வெளிவந்தது’ என்று மட்டும் இருந்து, நோய் முடிவில் சீழ்க்கட்டி என்ற பெயரே இல்லாத சார்ட்டுகளும் வருகின்றன. விவரிப்பிலிருந்து நோயை ஊகிப்பது கோடரின் வேலையன்று, குவெரிதான் வழி. அந்தக் குவெரியும் விடையைத் திணிப்பதாக இருக்கக் கூடாது என்பதை அமெரிக்க மருத்துவப் பதிவுத் துறை அமைப்புகளான அஹிமாவும் அக்டிஸும் 2022இல் திருத்தி வெளியிட்ட நெறிகள் வலியுறுத்துகின்றன.

எச்70.09 எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. முகநரம்பு வாதம், மூளையின் சிரைக்குழாயில் உறைகட்டி, மண்டையோட்டுக்குள் சீழ் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆபத்துகள் எல்லாம் ஒரே பெட்டியில் கொட்டப்படுகின்றன. இந்தக் குறியீட்டை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தால் நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பதே பதிவில் இராது. சிக்கலுக்குரிய தனிக் குறியீட்டையும் சேர்த்தாக வேண்டும். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. தொற்றால் உண்டான சிரை உறைகட்டிக்கு ஜி08, சீழ்சாராததற்கு ஐ67.6. மருத்துவர் ‘சிக்மாய்டு சைனஸ் த்ராம்போசிஸ்’ (அச்சிரைக்குழாய்களுள் ஒன்றில் உறைகட்டி) என்று மொட்டையாக எழுதிவிட்டால், தொற்றுதான் காரணமென்று நமக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அவரே அதை எழுத வேண்டும். கிருமி கண்டறியப்பட்டு, மருத்துவரும் அதை நோயோடு தொடர்புபடுத்தியிருந்தால், நியூமோகாக்கஸுக்கு பி95.3, சூடோமோனாஸுக்கு பி96.5 போன்றவையும் சேர வேண்டும். அவசரத்தில் அதிகம் விடுபடுபவை இவையே.

குறியீட்டு நூலின் அகரவரிசை இன்டெக்ஸில் ஒரு வினோதமும் உண்டு. அறைத்தடுப்புகள் கரைந்து ஒன்றாகிவிடும் கோலசென்ட் வகை, மருத்துவ நோக்கில் முற்றிய நிலை. ஆனால் மருத்துவர் ‘அக்யூட்’ என்பதைச் சேர்க்காமல் ‘கோலசென்ட் மாஸ்டாய்டைடிஸ்’ என்று மட்டும் எழுதினால், ‘கோலசென்ட்’ என்ற சொல் இன்டெக்ஸில் குறியீட்டை மாற்றாத துணைச்சொல்லாக அடைப்புக்குறிக்குள் இருப்பதால் தேடல் எச்70.9 என்ற பொத்தாம்பொதுவான குறியீட்டில் போய் நிற்கிறது. நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும் குறியீடு மங்கலாகிவிடுகிறது.

அறுவை சிகிச்சைக்கு வந்தால், மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் ‘கார்ட்டிகல் மாஸ்டாய்டெக்டமி’ என்ற பெயரை வைத்து, மருத்துவர் செய்யும் சிகிச்சைகளுக்கான சிபிடி குறியீட்டை முடிவு செய்ய இயலாது. மாஸ்டாய்டின் பெரிய காற்றறையான ஆன்ட்ரம் மட்டும் திறக்கப்பட்டதா, காற்றறைகள் முழுவதும் அகற்றப்பட்டனவா என்று விவரிப்பைப் படித்த பிறகே 69501, 69502 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும். மருத்துவமனைத் தரப்பில் உள்நோயாளிச் சிகிச்சைமுறைகளுக்குத் தரும் பிசிஎஸ் குறியீட்டிலும் இதே கேள்விதான்: பகுதியை மட்டும் எடுத்திருந்தால் 09பி (09B), முழுவதையும் எடுத்திருந்தால் 09டி (09T). எந்த அறைகள் வரை எலும்பு துளைக்கப்பட்டது என்று அறுவை மருத்துவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கும் சார்ட்டுகளில் இந்த முடிவுக்குக் குவெரியே தேவைப்படுவதில்லை.