திருகோணமலையும் கொழும்பும்: ஒரே நெட்வேர்க்கா, தனித்தனியா?

திருகோணமலை உவர்மலையில் ஒரு நிறுவனத்தின் சேர்வர் அறை, கொழும்பில் அதற்கொரு மாற்றுத் தளம் என்று வைத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு ஏன் தேவை என்று விளக்கத் தேவையில்லை. வேர்ச்சுவல் மெஷின்களின் (மென்பொருளாகவே ஓடும் சேர்வர்கள்) பிரதியை அங்கே அனுப்பி வைப்பது இன்று சுலபம். அவை அங்கே எழும்பும்போது எந்த ஐபி முகவரியில் எழும்பும்? வேலையே அதில்தான் இருக்கிறது.

முதல் வழி, ஒரே சப்நெட்டை, அதாவது ஒரே முகவரித் தொகுதியில் இயங்கும் நெட்வேர்க்கை, விஎக்ஸ்லான் (அதன் பேக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, பொதிந்து வேறொரு நெட்வேர்க் வழியே அனுப்பும் முறை) போன்ற ஒன்றால் இரண்டு ஊருக்கும் இழுப்பது. முகவரி மாறாது, பழைய மென்பொருளில் கை வைக்க வேண்டாம். பலரும் இதில் மயங்குவது அதனால்தான். தூரமும் பெரிய தடை இல்லை: ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 மைக்ரோசெக்கன், ஆகவே 260 கிலோமீட்டர் போய்வர 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு. விஎக்ஸ்லான் ஒவ்வொரு பேக்கெட்டிலும் 50 பைட் கூட்டும். இணைப்பைத் தருபவர் 1500 பைட்டுக்கு மேற்பட்ட பேக்கெட்டை விடுகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

எனக்குப் பயம் வேறிடத்தில். இணைப்பு மட்டும் அறுந்து இரண்டு தளமும் உயிரோடு இருந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைக்கும். ஒரே முகவரியில் ஒரே சேர்வர் இரண்டு இடத்தில் ஓடும், தரவு இரண்டாகப் பிரியும். இங்கே கிளம்பும் பிரோட்காஸ்ட் புயல் (எல்லோருக்கும் போகும் பேக்கெட்டுகள் பெருகி நெட்வேர்க்கை அடைப்பது) அங்கேயும் போய் அடிக்கும். சப்நெட்டுக்கு வெளியே போகவும் வரவும் வாசலான கேட்வே திருகோணமலையில் மட்டும் இருந்தால், கொழும்பில் இருப்பவர் கொழும்பு சேர்வரைத் தொடவும் பேக்கெட் இங்கே வந்துதான் திரும்பும்.

இரண்டாவது வழியில் இங்கே ஒரு சப்நெட் (10.20.1.0/24 என்று வைப்போம்), அங்கே வேறொன்று (10.30.1.0/24). வேர்ச்சுவல் மெஷின்களை மாற்றுத் தளத்தில் எழுப்ப உதவும் ஹைப்பர்-வி ரெப்ளிக்கா, விஎம்வேர் சைட் ரிக்கவரி மனேஜர் இரண்டிலும் மாற்றுத் தள முகவரியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அப்புறம் டிஎன்எஸ், அதாவது பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் பதிவேடு. அது சொன்ன பதிலை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரமான டிடிஎல் ஒரு மணி நேரமாக இருந்தால், பதிவை மாற்றிய பிறகும் சிலர் அவ்வளவு நேரம் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருப்பார்கள். 300 செக்கனாகக் குறைத்து வையுங்கள். ஐபியை நேரடியாக எழுதி வைத்த கொன்ஃபிக் கோப்புகள், ஃபயர்வோல் விதிகள் எல்லாவற்றையும் தேடித் திருத்துவது சலிப்பான வேலைதான். ஆனால் அமைதியான நாளில் செய்கிற வேலை அது.

சப்நெட்டை முழுதாகக் கொழும்புக்கு நகர்த்தி, பிஜிபி (எந்த முகவரி எந்தப் பக்கம் என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லும் முறை) வழியாக அங்கிருந்து அறிவிக்கும் நடுவழி ஒன்றும் உண்டு. முகவரியை மாற்றவே முடியாத பழைய சேர்வர்களுக்கு அது சரி. ஒரு சேர்வரை மட்டும் தனியே நகர்த்த முடியாது, அதற்கென்று தனி சப்நெட் ஒதுக்க வேண்டும்.

ஒரே ஒரு இணைப்பை நம்பியிருக்கும் திருகோணமலை அலுவலகத்துக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். மாற்றுத் தளத்துக்கு மாறிப் பார்க்கும் ஒத்திகையும் அதில்தான் நிம்மதி. இழுத்த சப்நெட்டில் சோதனைப் பிரதியைத் தவறி இணைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரோடு முகவரி மோதும். ஹைப்பர்-வியில் சோதனைப் பிரதி தானாக எந்த நெட்வேர்க்கிலும் சேராது. அதற்கென்று தனி வேர்ச்சுவல் சுவிட்ச் (மென்பொருளாலான நெட்வேர்க் இணைப்பி) ஒன்றைக் குறித்துவிட்டால் அலுவலக நேரத்திலேயே ஒத்திகை பார்க்கலாம்.