ஸ்டோரிவீவர்: ஜெராக்ஸ் கடை வழியாக என் மகள் மடிக்கு

என் மகளுக்கு நாலு வயது, எல்.கே.ஜி. அ முதல் ஃ வரை கடகடவென்று ஒப்பிப்பாள். சுவர் அட்டவணையில் அணில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு 'அணில்' என்ற எழுத்தை மட்டும் காட்டினால் முழிப்பாள். காசு கட்டி ஒரு வாசிப்புச் செயலி போட்டோம். சரியாகத் தொட்டால் நட்சத்திரம் கொட்டும். அவள் கண் நட்சத்திரத்தை விட்டு எழுத்துப் பக்கம் வரவே இல்லை. ரெண்டே மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அண்ணி சொல்லித்தான் ஸ்டோரிவீவர் தெரிந்தது. குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணையக் கதைத்தளம், முழுக்க இலவசம். தமிழைத் தேர்ந்தெடுத்து முதல் நிலை என்று வைத்தால், 250 சொல்லுக்குள் முடிகிற கதைகள் வரும். பக்கத்துக்கு ஓரிரு வரி, மீதியெல்லாம் படம். நாலாம் நிலை வரை இருக்கிறது. எங்களுக்கு அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

போனில் காட்டுவதில்லை. பி.டி.எஃப். இறக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, நடுவில் பின் அடித்துக் கொடுக்கிறேன். திறந்த உரிமம் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் செலவும் குறைவு, அவளே கலர் அடித்துக்கொள்கிறாள். யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம், மொழிபெயர்க்கலாம் என்பதால், பிரிண்டுக்குக் கொடுக்குமுன் நான் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். நாக்குத் தடுக்காத கதைதான் வீட்டுக்கு வரும்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மடியில் ஏறிக்கொள்வாள். வரிக்கடியில் விரலை ஓட்டியபடி வாசிப்பேன். முதல் நாள் "பூனை வந்தது" என்றதும் நிறுத்தினாள். "வந்துச்சுன்னு சொல்லும்மா!" பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத் தமிழ் ஒன்று, நம் பிள்ளைகளுக்கு எழுத்தோடு சேர்த்து இதுவும் புதுசு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து, ஒரு தடவை புத்தகத்தில் உள்ளபடி, ஒரு தடவை எங்கள் வீட்டுப் பேச்சில்.

மூன்று வாரம் போயிருக்கும். படத்தைப் பார்த்துத் தானாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்து "வந்தது" என்றாள். பேச்சில் ஒருநாளும் அப்படிச் சொல்லமாட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரமே பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் பலகையைக் காட்டி, "அம்மா, பூனை கதைல வர்ற 'து'!" என்று கத்தினாள்.

ஆறாவது கதையை நேற்றுதான் பிரிண்டுக்குக் கொடுத்தேன்.