டெபியன்: டெஸ்டிங்கை நிறுவலாமா, ஸ்டேபிளுக்குக் காத்திருக்கலாமா?

டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் புதிய ஸ்டேபிள் (நிலையான) பதிப்பு வெளியாகிறது. 12ஆம் பதிப்பான புக்வோர்ம் 2023 ஜூனிலும், 13ஆம் பதிப்பான டிரிக்ஸி 2025 ஆகஸ்டிலும் வந்தன. அதுவரை பொறுக்க மனமில்லாதவர்கள், அடுத்த பதிப்பு உருவாகிவரும் டெஸ்டிங் கிளையை நிறுவிக்கொள்கிறார்கள். பிழைப்புக்கான வேலை நடக்கும் மேசைக் கணினியில் ஸ்டேபிளையும், மடிக்கணினியில் டெஸ்டிங்கையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன்.

டெஸ்டிங் என்றாலே எந்நேரமும் கோளாறு செய்யும் என்ற அச்சம் தேவையற்றது. எந்தப் பேக்கேஜும் (மென்பொருள் தொகுப்பும்) முதலில், புதிய மாற்றங்கள் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளையில் சில நாட்கள் இருந்து, கடுமையான வழு எதுவும் பதிவாகாவிட்டால்தான் டெஸ்டிங்குக்கு வருகிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் நிறுவுகிறோம் என்பதைப் பொறுத்து அனுபவம் பெரிதும் மாறும். ஸ்டேபிள் வெளியான பிறகு, அதுவரை நிறுத்திவைத்திருந்த பெரிய மாற்றங்கள் எல்லாம் வரிசையாக வரத் தொடங்கும். 32 பிட் நேரக் கணக்கு 2038ஆம் ஆண்டில் எல்லையைத் தாண்டிப் பிழையாகிவிடும் சிக்கலைத் தவிர்க்க, 32 பிட் கட்டமைப்புகளில் நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றும் பணி 2024இல் நடந்தபோது ஏராளமான நிரல் நூலகங்களின் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளின்) பேக்கேஜ் பெயர்கள் மாறின. அப்போது மடிக்கணினியில் மேம்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால், நீக்கப்படவிருக்கும் பேக்கேஜ்களின் நீண்ட பட்டியல் திரையில் வந்து நிற்கும். அதைப் படிக்காமல் 'ஒய்' அழுத்துகிறவர்களுக்கு டெஸ்டிங் ஏற்றதல்ல. சில வாரங்கள் பொறுத்ததும் சிக்கல் தானாகவே அவிழ்ந்தது. மாறாக, 2025 மார்ச்சில் டிரிக்ஸிக்கான உறைநிலை (வெளியீட்டுக்கு முன் புதிய மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் காலம்) தொடங்கியபின் டெஸ்டிங் நாளுக்கு நாள் அமைதியாகிவந்தது. முன்கூட்டியே நிறுவ விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

வழுக்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பாதுகாப்பு. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளத்தனமாக உள்நுழையும் வழி) புகுத்தப்பட்டிருப்பதை நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார். டெஸ்டிங்கில் அந்தப் பதிப்புகள் ஏற்கெனவே வந்திருந்தன. ஸ்டேபிளுக்குப் பாதிப்பே இல்லை. திருத்தமாக வந்த பேக்கேஜின் எண் '5.6.1+ரியலி5.4.5' என்றிருந்தது. டெபியனில் பதிப்பு எண் பின்னோக்கிச் செல்ல வழியில்லாததால், பழைய நிரலுக்கே பெரிய எண்ணைச் சூட்டி அனுப்ப வேண்டியிருந்தது. டெஸ்டிங்கிலிருந்து ஸ்டேபிளுக்குத் திரும்புவதும் இப்படித்தான்: அதற்கு முறையான வழி கிடையாது, மறுபடி நிறுவுவது ஒன்றே வழி.

ஸ்டேபிளும் முழுக்கக் குறையற்றதன்று. 2023 டிசம்பரில், வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவைச் சிதைக்கக்கூடிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வழு ஒன்று 12.3 புதுப்பிப்பின்போது தெரியவந்ததால், அது நிறுத்தப்பட்டு 12.4 வெளியிடப்பட்டது. எனவே ஸ்டேபிளிலும் இத்தகைய புதுப்பிப்புகளை ஓரிரு நாட்கள் கழித்தே நிறுவுகிறேன்.

அடுத்த பதிப்பான ஃபோர்கிக்கும் இதே ஏற்பாட்டைத் தொடர்கிறேன். மேசைக் கணினி டிரிக்ஸியிலேயே இருக்கும்; ஏதேனும் ஒரு மென்பொருள் மட்டும் புதிதாகத் தேவைப்பட்டால் புதிய மென்பொருள்களை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்வேன். மென்பொருள்களை எங்கிருந்து எடுப்பது என்று குறிக்கும் மடிக்கணினியின் மூலப்பட்டியலில் 'டெஸ்டிங்' என்று எழுதாமல் 'ஃபோர்கி' என்றே எழுதியிருக்கிறேன். இதனால் ஃபோர்கி ஸ்டேபிளாக வெளியாகும் நாளில் அந்தக் கணினி அடுத்த கொந்தளிப்புக்குள் போகாமல் அங்கேயே நின்றுவிடும்.