கேரட் ஜூஸா, கேரட் பொரியலா?

போன வாரம் அரை கிலோ கேரட்டைத் தோல் சீவி, மிக்ஸியில் அடித்து வடிகட்டிப் பார்த்தேன். ஒன்றரை டம்ளர் ஜூஸ் வந்தது. எவ்வளவு பிழிந்தும் ஆரஞ்சு நிறம் போகாத சக்கை வடிகட்டியில் இரண்டு கைப்பிடி நின்றது. அதே அரை கிலோவில் பொரியல் செய்தால் எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போதும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, காலையில் நடந்துவிட்டுப் பூங்கா வாசலில் தினமும் ஒரு டம்ளர் ஜூஸ் குடித்துவிட்டு வருகிறார், அதனால்தான் இந்தச் சோதனை.

கணக்கு இதுதான். அரை கிலோ கேரட்டில் நார்ச்சத்து சுமார் 14 கிராம், சர்க்கரை 20 கிராமுக்கு மேல். வடிகட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது, சர்க்கரையோ பெரும்பாலும் டம்ளருக்குள் வந்துவிடுகிறது. அரை கிலோ கேரட்டை மென்று தின்ன யாராலும் முடியாது, பாதியிலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். ஜூஸாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும், அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

சரி, ஜூஸ் பக்கமும் நியாயம் இருக்கிறது. பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்பதைவிட அரைத்துக் குடித்தால் அதிலுள்ள பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) அதிகமாக உடலில் சேரும். ஆனால் பொரியலிலும் அது நடக்கிறது. வேகும்போது காய் இளகிவிடுகிறது, அந்தச் சத்து உடலில் சேர வேண்டிய எண்ணெய் தாளிப்பிலேயே இருக்கிறது. வைட்டமின் சி சூட்டில் கொஞ்சம் குறையும்தான், ஒரு நெல்லிக்காய் அதைச் சரிக்கட்டிவிடும்.

பீட்ரூட்டில் மட்டும் என் ஓட்டு ஜூஸுக்குத்தான். 2008-இல் லண்டனில் ஆரோக்கியமானவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் கொடுத்துப் பார்த்ததில், சில மணி நேரத்தில் மேல் ரத்த அழுத்தம் 10 புள்ளி அளவுக்கு இறங்கியது. பிறகு வந்த ஆய்வுகளில் இறக்கம் இதைவிடக் குறைவு, ஆனாலும் இருக்கிறது. பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. (அந்த நேரத்தில் கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் அந்த பாக்டீரியா குறைந்துவிடும், பலனும் குறையும்.) வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் நைட்ரேட்டில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். இதை நம்பி பிபி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகமுள்ள பீட்ரூட், பசலைக்கீரை ஜூஸ்களை டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

சுரைக்காய்க்கு வந்தால் எனக்குப் பயமே இருக்கிறது. 2010-இல் டெல்லியில் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த ஜூஸைக் குடித்த ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். சில சுரைக்காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு அதிகமாகிவிடுகிறது. ஒரு துண்டைக் கடித்துப் பார், கசந்தால் தூக்கிப் போடு என்பதுதான் அதன் பிறகு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிபுணர் குழு சொன்னது. கூட்டில் போட்டால் முதல் வாயிலேயே கசப்பு தெரிந்து தட்டைத் தள்ளிவிடுவோம். ஜூஸ் என்றால் கசக்கத்தானே செய்யும், மருந்துதானே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு டம்ளரையும் குடித்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான்.

உடம்பிலுள்ள நச்சையெல்லாம் ஜூஸ் கழுவிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன. பல் இல்லாத பெரியவர்கள், காய்ச்சலில் கிடந்து எதுவும் இறங்காதவர்கள் குடிக்கட்டும், அதையும் வடிகட்டாமல் குடித்தால் நல்லது.

அப்பாவிடம் அந்தச் சக்கையைக் காட்டிப் பேசினேன். இப்போது வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே பீட்ரூட் ஜூஸ், வடிகட்டாமல் அரை டம்ளர். கேரட் மதியம் தட்டுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு மிஞ்சிய சக்கையை அடை மாவில் கலந்து வார்த்தேன், இரண்டு சாப்பிட்டார்.